நனைந்த நாண்

2008 ஆகஸ்ட் 10. பெய்ஜிங்கில் அன்று நல்ல மழை. ஒலிம்பிக் வில்வித்தைத் திடலில் மகளிர் குழுப் போட்டியின் இறுதிச் சுற்றில் கொரியாவும் சீனாவும் நின்றன. இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருந்தது. அதன் நடுவில் 10 புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ., பாட்டுக் கேட்கப் பயன்பட்ட பழைய குறுந்தகட்டின் அளவுதான். அந்த ஈரத்தில் கொரியப் பெண்கள் 24 அம்புகள் எய்து 240க்கு 224 புள்ளிகள் எடுத்தார்கள். அம்புக்குச் சராசரி 9.3. சீனப் பெண்கள் 215. வெயில் நாளிலேயே பலருக்கு எட்டாத எண்கள் இவை. அப்படியானால் மழை அவர்களை ஒன்றும் செய்யவில்லையா?

கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். மழை அம்பை என்ன செய்கிறது? எய்பவரை என்ன செய்கிறது?

முதல் கேள்விக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். போட்டி அம்பு ஒன்று ஏறத்தாழ 70 செ.மீ. நீளம், ஐந்தரை மில்லிமீட்டர் தடிமன், 20 கிராமுக்குச் சற்று மேல் எடை. வில்லை விட்ட ஒன்றேகால் வினாடியில் இலக்கைத் தொட்டுவிடும். மணிக்கு 25 மி.மீ. வீதம் கொட்டுகிற கனமழை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் அம்பின் பரப்பு 40 சதுர செ.மீ.கூட இல்லை. அந்தப் பரப்பின்மேல் ஒன்றேகால் வினாடியில் விழக்கூடிய நீர் 0.03 கிராம் அளவுக்கே வரும். இரண்டு மில்லிமீட்டர் துளிகளாக எண்ணினால் ஏழெட்டுத் துளி. துளிகள் வினாடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் மோதினாலும், அவை எல்லாம் சேர்ந்து அம்பைக் கீழே தள்ளுவது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. 10 புள்ளி வட்டத்துக்குள் தொலைந்துபோகிற அளவு இது. வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும் மழை அம்புக்குப் பொருட்டே அல்ல.

ஏற்கெனவே விழுந்துவிட்ட மழைதான் தொல்லை. நாணில் ஊறியது, இறகில் ஒட்டியது, சட்டைக் கையைத் தொங்கவைத்தது, விரல் நுனியைக் குளிரவைத்தது என்று அது எய்கோட்டில் நிற்பவரின் மேலேயே பெய்து முடித்திருக்கிறது. வில்லாளியின் உடையை ஆறுதலுக்கான சங்கதியாகப் பார்க்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். மழைநாளில் அது வில்லின் ஓர் உறுப்பு.

ஏன் என்பதற்கு இன்னொரு கணக்கு. 70 மீட்டர் பறக்கும் நேரத்தில் புவியீர்ப்பு அம்பை ஏறத்தாழ ஏழரை மீட்டர் கீழே இழுக்கிறது. வில்லை அந்த அளவுக்கு மேல்நோக்கிப் பிடிப்பதால்தான் அம்பு நடுவில் போய் விழுகிறது. இப்போது அம்பின் வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தது என்று கொள்வோம். பறக்கும் நேரம் அதே ஒரு பங்கு கூடும். வீழ்ச்சி நேரத்தின் இருமடிப்படி வளர்வதால் இரண்டு பங்கு கூடும். ஏழரை மீட்டரில் நூற்றுக்கு இரண்டு, 15 செ.மீ. அம்பு 10ஐ விட்டு 8க்கு இறங்கிவிடும். நூற்றில் ஒரு பங்கு வேகத்தைத் திருடிக்கொள்ள மழைநாளில் எத்தனை வழிகள்! நாண் குடித்த நீர் ஒரு வழி. நாணின் எடையில் மூன்றில் ஒரு பங்கை அம்போடு சேர்த்துத்தான் வில் தள்ளவேண்டியிருக்கிறது. அம்பின் உடலில் ஒட்டிய நீர் இன்னொரு வழி. பெரும்பகுதி உதறப்பட்டுவிடும் என்றாலும் சிறிது தங்கும். மூன்றாவது வழிதான் எல்லாவற்றிலும் கொடியது. அது சட்டைக் கை.

இழுத்து விட்ட நாண், வில்லைப் பிடித்த கையின் முன்னங்கையை ஒட்டி, இரண்டு மூன்று விரற்கடை தள்ளிப் பாய்கிறது. வெறும் கையில் பட்டால் தோல் கன்றிப்போகும். ஆகவேதான் முன்னங்கையில் கைக்காப்பு. தொளதொளத்த மழைச்சட்டையின் கை நாணின் பாதையில் வந்தால் வலிக்காது, எய்தவருக்குத் தெரியக்கூடச் செய்யாது, அம்புக்கு மட்டும் தெரியும். 70 மீட்டரில் 6 செ.மீ. விலகல் என்பது கோணத்தில் ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு. 70 செ.மீ. நீள அம்பின் வாலை அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாகப் பக்கவாட்டில் தட்டினால் அந்தக் கோணம் வந்துவிடும். ஈரத் துணியின் ஒரு மடிப்பு அதை எளிதாகச் செய்யும்.

எனவே மழைச்சட்டை வாங்கப் போகிறவர் கடைக் கண்ணாடியில் அழகு பார்க்காமல், வில் இழுக்கும் நிலையில் கைகளை வைத்துப் பார்க்கவேண்டும். வில் பிடிக்கும் கையின் உட்புறத்திலும் அந்தப் பக்கத்து மார்பிலும் துணி உடம்போடு ஒட்டிக் கிடக்கவேண்டும். அந்தக் கையின்மேல், மழைச்சட்டைக்கும் வெளியே, இழுபடும் துணியாலான ஓர் உறையை மாட்டி அதற்கு மேல் கைக்காப்பைக் கட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம். மார்புக் காப்பும் அப்படியே, சட்டைக்கு மேலே வரும். பலர் கையில்லாத கனத்த மேலாடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடு உடம்பு சூடாக இருக்கும், கைகள் மெலிதாக இருக்கும். நல்ல தேர்வு என்றே சொல்வேன். ஆளை மூடும் போர்வைபோன்ற மழைக்கவசம் மட்டும் எய்யும்போது கூடவே கூடாது. எய்து முடித்து அம்பெடுக்க நடக்கும்போது வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

மழைச்சட்டையின் தலைமூடியும் இதே வகைத் தொல்லைதான். முழுதாக இழுத்த நிலையில் நாண் மூக்கு நுனியையும் மோவாயையும் தொட்டு நிற்கிறது. அந்தத் தொடுகைதான் எய்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே நிலையைச் சொல்லித் தருவது. தலைமூடியின் விளிம்பு இடையில் வந்தால் போயிற்று. துளிகள் அதன்மேல் தடதடக்கும் ஓசையில் கிளிக்கரின் சத்தமும் மங்கிவிடும். கிளிக்கர் என்பது வில்லில் பொருத்திய மெல்லிய உலோகத் தகடு. அம்பின் முனை அதைத் தாண்டிப் பின்னால் வந்ததும் 'டிக்' என்று அடிக்கும். இழுத்த நீளம் சரி, இனி விடலாம் என்பதற்கு அடையாளம் அது. தொப்பிக்கும் இதே விதி. மழைத்துளியைத் தடுக்கும் அகன்ற விளிம்பு நாணையும் தடுக்கும். விளிம்பு குட்டையான துணித்தொப்பி போதும், அல்லது நாண் பக்கத்து விளிம்பை மடித்துவிட வேண்டும். மேகாலயாவின் காசி மலைகளில் வயல்வேலை செய்பவர்கள் மூங்கிலாலும் இலையாலும் பின்னிய 'க்னூப்' என்ற கவசத்தைத் தலையிலிருந்து முதுகுவரை கவிழ்த்துக்கொள்கிறார்கள். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிறது. குனிந்து நாற்று நடுபவருக்கு அதைவிட நல்ல மழையுடை கிடையாது. நிமிர்ந்து நின்று முகத்தோடு நாணை ஒட்டுகிறவருக்கு அது உதவாது. எந்த வேலை என்பதைக் கேட்காமல் எந்த உடை என்று சொல்ல முடியாது.

இனி உள்ளுடை. நம்மூர் வெயிலில் பருத்தியைப்போல ஒரு நண்பன் இல்லை. ஆனால் குளிரும் மழையும் சேர்ந்த நாளில் அதே பருத்தி எதிரியாக மாறிவிடும். துணி நம்மைச் சூடாக வைத்திருப்பது தன் இழைகளுக்கிடையே சிறைப்பிடித்த காற்றால். பருத்தி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் நீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பிறகு அது ஆவியாகத் தொடங்கும். 100 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,40,000 ஜூல் வெப்பம் தேவை. சும்மா நிற்கும் மனித உடல் வினாடிக்குச் சுமார் 100 ஜூல்தான் உண்டாக்குகிறது. அரைக் குவளை நீரை உலர்த்த 40 நிமிட உடற்சூடு முழுவதையும் கொடுக்கவேண்டியிருக்கும் என்று அர்த்தம். ஓட்டக்காரர் ஓடிச் சூடேற்றிக்கொள்வார். வில்லாளியோ பெரும்பாலும் நிற்பவர். ஆறு அம்பு எய்து, இலக்குவரை நடந்து, பிடுங்கிக்கொண்டு திரும்பி, மறுபடி நிற்பவர். தகுதிச் சுற்றுக்கு 72 அம்புகள். பழைய ஆங்கிலேய யார்க் சுற்று என்றால் 144.

ஆட்டுக்கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, உள்ளே காற்றையும் கைவிடாது. பாலியெஸ்டர் இழை நீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். உடம்போடு ஒட்டி இந்த இரண்டில் ஒன்று, அதற்குமேல் ஒன்றோ இரண்டோ மெல்லிய அடுக்கு, எல்லாவற்றுக்கும் வெளியே நீர்புகா உறை. தடித்த ஒரு சட்டையைவிட மெல்லிய மூன்று நல்லது. வெயில் எட்டிப் பார்த்தால் ஒன்றைக் கழற்றலாம், தோளும் தடையில்லாமல் சுழலும். வெளி உறையாக வரும் நீர்புகாத் துணிகளில் பல 1969இல் பாப் கோர் கண்ட ஒரு வித்தையின் வழிவந்தவை. டெஃப்லான் பொருளை வெடுக்கென்று இழுத்து நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக்கினார் அவர். துளியாகத் திரண்ட நீர் அந்தத் துளைகளில் நுழைய முடியாது, வியர்வையின் ஆவி வெளியேற முடியும். இந்தத் துணிகளில் பல மொடமொடப்பானவை. வாங்குமுன் மறுபடியும் அதே சோதனைதான்: கையைத் தூக்கி இழுத்துப் பாருங்கள்.

இனி விரல்களுக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தில் ஒன்றைமட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். உடல் குளிர்ந்தால் மூளை முதலில் கைகால் நுனிகளுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, இதயத்தையும் ஈரலையும் காப்பாற்றுகிறது. விரல் தோலின் வெப்பம் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் நுண்ணிய வேலைகள் தடுமாறும். 8 பாகையை நெருங்கினால் தொடுவுணர்வே மங்கும். நரம்பு வழியே செய்தி போகும் வேகமும் ஒவ்வொரு பாகைக்கும் குறைந்துகொண்டே வரும். அம்பை விடுவது என்பது விரல்களைத் திறப்பது அன்று, தளரவிடுவது. மரத்த விரல் தளராமல் பிய்த்துக்கொண்டு விடுகிறது. நாண் பக்கவாட்டில் நெளிகிறது. அரை மில்லிமீட்டர் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

கனத்த கையுறை போட்டு எய்ய முடியாது. ஆகவே எய்யும் கணங்களுக்கு இடையிலேயே சூட்டைச் சேமிக்கவேண்டும். இடுப்பில் கட்டும் கம்பளிக் கைக்கூடு ஒன்று, அதற்குள் சூட்டுப் பொட்டலம் ஒன்று. அந்தப் பொட்டலத்துக்குள் இரும்புத்தூள், உப்பு, கரி, சிறிது ஈரம். உறையைப் பிரித்துக் காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குகிறது. நம் வீட்டு ஜன்னல் கம்பியில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் அதே வினை இங்கே சில மணி நேரத்தில் முடிவதால், வெளிப்படும் வெப்பம் கைக்குத் தெரிகிறது. கழுத்தும் தலையும் சூடாக இருந்தால் விரலுக்கு இரத்தம் போவதை உடல் அவ்வளவு அவசரமாக நிறுத்தாது. விரல் குளிர்கிறது என்றால் கழுத்தைப் போர்த்துங்கள். பலருக்கு இது விந்தையாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிறது.

விரலுக்கும் நாணுக்கும் இடையே வைக்கும் தோல்துண்டு நனைந்தால் ஒருநேரம் வழுக்கும், ஒருநேரம் ஒட்டும். பழகிய இரண்டாவது துண்டு ஒன்றை நெகிழிப் பையில் உலர்வாக வைத்திருப்பதுதான் வழி. புதிதாக வாங்கியதைப் போட்டியன்று பிரிக்கக் கூடாது. வில்லின் பிடிக்கும் அம்புக்கும் தனித்தனித் துண்டுத் துணிகள் வேண்டும். அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவில் நிற்கும் நீரை ஒவ்வொரு முறையும் ஊதிவிட வேண்டும். கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லை எய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. அவர்களுடைய நாணில் செருகிய பார்வைத் துளைக்குள் ஒரு துளி நீர் நின்றுவிட்டால் இலக்கு கலங்கிப்போகும். கண்ணாடி அணிபவருக்கும் அப்படியே. புள்ளி எழுதும் தாளுக்குப் பென்சில்தான். பந்துமுனைப் பேனா ஈரத் தாளில் பாதியில் நின்றுவிடும்.

இறகைப் பற்றி ஒரு வார்த்தை. வாத்தின் இறகு வாத்தின் உடம்பில் இருக்கும்வரை நனைவதில்லை. வால் அருகிலுள்ள சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெயெடுத்து அது ஓயாமல் பூசிக்கொள்கிறது. அம்பில் ஒட்டிய இறகுக்கு அந்தப் பராமரிப்பு இல்லை, நனைந்து படுத்துவிடும். மர அம்போடு எய்பவர்கள் நீர்விலக்கும் பொடியைத் தடவுகிறார்கள். ஒலிம்பிக் வில்லாளிகளின் அம்பில் இருப்பது நெகிழித் தகடு, மழை அதை ஒன்றும் செய்யாது.

நாணின் கதை நீளமானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வில்நாணுக்குரிய பொருள்களாக மரல், எருக்கு, சணப்பு, மூங்கில் முதலியவற்றின் நாரோடு விலங்கின் தசைநாரையும் சொல்கிறது. ஒரே பட்டியலுக்குள் நேரெதிரான இரண்டு குணங்கள் இருக்கின்றன. சணப்பு வகை நார்கள் நனைந்தால் வலுவிழப்பதில்லை, வலு கூடவே செய்யும். ஆனால் முறுக்கிய நார் நீரைக் குடித்துப் பருக்கும்போது நீளம் குறையும். மழையில் பருத்திக் கொடிக்கயிறு விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தசைநாரோ நனைந்தால் நெகிழ்ந்து நீண்டுவிடும். கொம்பும் மரமும் தசைநாரும் பசையால் ஒட்டிச் செய்த மத்திய ஆசியக் கூட்டுவில்லுக்கு ஈரம் பெரும்பகை. அந்த வில்லைப் பூர்ச்சமரப் பட்டையாலும் தோலாலும் மூடிப் பாதுகாத்தார்கள். நம் நாட்டில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் எஃகாலேயே வில் செய்தார்கள். பாய்ச்சலில் கூட்டுவில்லுக்கு அது ஈடாகாது என்றாலும் பருவமழையில் பசை விட்டுப்போகும் கவலை இல்லை.

1346 ஆகஸ்ட் 26இல் பிரான்சின் கிரெஸியில் போருக்குச் சற்றுமுன் மழை கொட்டியது. ஆங்கிலேய வில்லாளிகள் நாணைக் கழற்றித் தலைக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டார்கள் என்றும், எதிரே இருந்த ஜெனோவாக் குறுக்குவில்லாளிகளின் நாண்கள் நனைந்து கெட்டன என்றும் அந்த நூற்றாண்டைச் சேர்ந்த ழான் தெ வெனெத் எழுதியிருக்கிறார். தோல்விக்கு அதுதான் காரணமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். குறுக்குவில்லின் நாணைக் கையால் சட்டென்று கழற்ற முடியாது என்பது மட்டும் உறுதி. இன்றைய நாண்களின் பாலிஎத்திலீன் இழை நீரை உறிஞ்சாது. ஆனால் இழைகளுக்கு இடையில் நீர் தங்கும். மழைக்கு முந்தின நாள் மெழுகை நன்றாகத் தேய்த்து, விரலின் உராய்வுச் சூட்டில் உள்ளே இறக்கிவிடுவது அந்த இடைவெளிகளை அடைக்கத்தான்.

காற்று வேறு பாடம். குறுக்கே அடிக்கும் காற்று அம்பைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றால், வினாடிக்கு 3 மீட்டர் காற்றில் ஒன்றேகால் வினாடிக்குள் அம்பு மூன்றே முக்கால் மீட்டர் விலகியிருக்கவேண்டும். உண்மையில் விலகுவது 12, 13 செ.மீ. இறகு அம்பின் முகத்தைக் காற்று வரும் பக்கம் சற்றே திருப்பிவிடுகிறது. காற்றின் தடையால் அம்பு எவ்வளவு நேரம் தாமதிக்கிறதோ, அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். அந்தத் தாமதம் வினாடியில் நூற்றில் நான்கு பங்கு அளவுதான். மெல்லிய அம்பு தாமதிப்பது குறைவு, விலகுவதும் குறைவு.

எய்பவரின் உடம்போ அவ்வளவு மெல்லியதல்ல. அவர் இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்பதால் குறுக்குக் காற்று நேராக மார்பிலோ முதுகிலோ அறைகிறது. மணிக்கு 36 கி.மீ. வீச்சு ஒன்று மூன்றரைக் கிலோ எடையளவு தள்ளும். படபடக்கும் சட்டை அந்தத் தள்ளலைப் பெரிதாக்குவதோடு விட்டுவிட்டு வரச்செய்கிறது. சீரான தள்ளலுக்கு உடல் ஈடுகொடுத்துவிடும், விட்டுவிட்டு வருவதற்கு முடியாது. காற்றுநாளிலும் இறுக்கமான உடை என்பது அதனால்தான். சேற்றில் கால் ஊன்ற நல்ல அடிப்பிடியுள்ள காலணி வேண்டும், மாற்றுக் காலுறை ஒரு ஜோடி வேண்டும்.

1461 மார்ச் 29இல் யார்க்‌ஷயரின் டவுட்டன் வெளியில் பனி கொட்ட, யார்க் அரசகுலத்தின் படையும் அதன் எதிரிப் படையும் நின்றன. காற்று யார்க் தரப்பின் முதுகுப்பக்கம். அவர்களுடைய தளபதி ஃபாக்கன்பெர்க் அதைப் புரிந்துகொண்டு எய்யச் சொன்னார். முகத்தில் பனி அறைய எதிரிகள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி எய்த அம்புகள் எட்டாமல் முன்னாலேயே விழுந்தன. அதற்கு 84 ஆண்டுகளுக்குப் பிறகு வந்ததுதான் ஆங்கிலத்தின் முதல் வில்வித்தை நூல், ரோஜர் ஆஸ்கம் எழுதிய 'டாக்ஸோஃபிலஸ்'. அவரும் யார்க்‌ஷயர்க்காரர். டாப்கிளிஃபிலிருந்து பரோபிரிட்ஜுக்குக் குதிரையில் போன ஒரு நாள், தரைமேல் ஓடிய உதிர்பனியைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத காற்று ஒரே வெளியில் ஓரிடத்தில் வேகமாகவும் பக்கத்திலேயே அசையாமலும் இருப்பதைக் கண்டுகொண்டதாக எழுதுகிறார். இலக்குக்குமேல் பறக்கும் சிறு கொடியையும் பாதி வழியிலுள்ள புல்லையும் தனித்தனியே பார்க்க இன்றைய பயிற்சியாளர்கள் சொல்வது அந்தக் குதிரைப் பயணத்தின் பாடத்தையே.

இடி கேட்டால் மேற்சொன்ன எதுவும் செல்லாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடி என்றால் அது 10 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்தத் தூரத்திலேயே திடலை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும். வில்லிலும் அம்பிலும் உள்ள கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளியில் வில்லை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

வெயிலும் கெட்ட வானிலைதான், நமக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. 2021 ஜூலை 23இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் ரஷ்ய வில்லாளி ஸ்வெத்லானா கொம்போயேவா வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்தார். நிழலில் கிடத்தித் தலையில் பனிக்கட்டி வைத்தார்கள். இரண்டே நாளில் குழுப்போட்டியில் வெள்ளி வென்றார். நின்ற இடத்தில் நிற்கும் விளையாட்டு என்பதால் யாரும் நீர் குடிக்க நினைவூட்டுவதில்லை.

இத்தனை உடையும் வாங்கியபின் ஒரு வேலை பாக்கி. அவற்றைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்வது. தோளில் ஓர் அடுக்குக் கூடினால் இழுக்கும் நீளம் சற்றே குறுகும், கிளிக்கர் அடிக்கத் தாமதமாகும். அது போட்டியன்று தெரியவந்தால் பதற்றம், முந்தின மாதம் தெரிந்திருந்தால் வெறும் பழக்கம். தூறல் விழுந்ததும் வில்லைப் பையில் போடுகிறவர்களிடம் நான் சொல்வது, இடி இல்லையென்றால் இன்னும் ஒரு டஜன் அம்பு எய்துவிட்டுப் போங்கள், எங்கே விழுகிறது என்று குறித்துவையுங்கள் என்பதே.

வீடு திரும்பியதும் ஈர வில்லை உறைக்குள் விடக் கூடாது. பிரித்துத் துடைத்து, திருகுகளின் ஓரம்வரை உலரவிட வேண்டும். நாணை உலர்ந்த துணியால் மேலிருந்து கீழே உருவிவிட்டு மெழுகு போடவேண்டும். உறையைக் குப்புறக் கவிழ்த்து வைக்கவேண்டும். விரல்தோலை மட்டும் அடுப்பருகிலோ வெயிலிலோ காயவைக்காதீர்கள், சுருங்கி விறைத்துப் பலகையாகிவிடும். நிழலில், காற்றோட்டத்தில், ஓர் இரவு முழுக்கக் கிடக்கட்டும்.